பொண்ணுக்கு ஒரு சிம்மாசனம்

கேள்வி: அக்கா, எங்க பாப்பாவுக்கு ஆறு வயசு, ராத்திரி கதை கேக்காம தூங்க மாட்டா. புனலூர்ல ஒரு கடையில கோட்டை மாதிரி கட்டில் பார்த்ததுல இருந்து அதே வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கா. விலை நமக்குக் கட்டுப்படியாகாது. நம்ம கதை எதையாவது வச்சு இங்கயே ஆசாரிகிட்ட சொல்லிச் செய்யலாமா?
- ஒரு வாசகி, செங்கோட்டை

பதில்: தாராளமா செய்யலாம் தங்கச்சி. கோட்டை எதுக்கு, நம்ம விக்கிரமாதித்தன் கதையில சிம்மாசனமே பேசுதே! போஜராஜா படியேறப் போகும்போதெல்லாம் ஒரு பதுமை வழிமறிச்சு கதை சொல்லும், மொத்தம் 32 பதுமை. நமக்கு நாலு படி போதும், படிக்கு ஒரு பதுமை, மேல உக்காந்து படிக்க சாய்மானத்தோட ஒரு இருக்கை, படிக்குள்ள புத்தகம் போட டிராயர், தினம் ஒரு பதுமைகிட்ட நின்னு கதை கேட்டுட்டுத்தான் மேல ஏறணும்னு வச்சுக்கிட்டா பாப்பாவே போஜராஜா ஆயிடுவா. இளவரசி ஸ்டிக்கர் ஒட்டின கட்டில் சீக்கிரம் அலுத்துரும், ஏன்னா அதுல அவ செய்யறதுக்கு ஒண்ணுமே இல்ல. நவராத்திரிக்கு இதே படியில கொலுவும் வைக்கலாம், அப்போ மட்டும் மேல இருக்கையையும் சேர்த்து அஞ்சா எண்ணிக்கோங்க, கொலுப்படி ஒத்தைப்படையா இருக்கணும்ல.

பதுமைக்கு அம்பாசமுத்திரம் போங்க. மரச்சொப்பு கடையுற பட்டறையில சொன்னா செஞ்சு தருவாங்க, மரம் சுத்தும்போதே கலர் அரக்கை அழுத்திப் பிடிப்பாங்க, உரசுற சூட்டுல அது உருகி மரத்தோட ஒட்டிக்கும், அந்தப் பளபளப்பு பிரஷ்ல அடிக்கிற பெயின்ட்டுக்கு வரவே வராது.

படிக்கு ரப்பர் மரம் நல்லது, மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல தாராளமா கிடைக்கும், தேக்கை விட விலை ரொம்பக் கம்மி. ஆனா போரான் மருந்து ஏத்தின மரமான்னு கேட்டு வாங்குங்க, இல்லன்னா பூச்சி துளைச்சுரும். பெயின்ட் அடிச்சா டப்பாவுல ஈயம் 90 பிபிஎம்முக்குள்ளன்னு (பத்து லட்சத்துல 90 பங்கு) போட்டிருக்கான்னு பாருங்க, 2017 நவம்பர்ல இருந்து அதான் சட்டம். மூலையெல்லாம் உருட்டச் சொல்லுங்க, சுவரோட கிளாம்ப் போட்டு இறுக்கச் சொல்லுங்க, பிள்ளை ஏறுற சாமான், இதுல மட்டும் சிக்கனம் பாக்காதீங்க.

கேள்வி: இந்த மாதிரி விளையாட்டா டிசைன் பண்றவங்க பெரிய அளவுல யாராவது இருக்காங்களா?
- கல்லூரி மாணவர், கொழிஞ்சாம்பாறை

பதில்: டெல்லி குஞ்சன் குப்தாவைப் பாருங்க தம்பி. சைக்கிள்ல மூட்டை கட்டிப் போற வியாபாரிங்களைப் பார்த்து சைக்கிள் பாகத்துலயும் சாக்குமூட்டையிலயும் ஒரு சிம்மாசனமே பண்ணியிருக்காங்க. ராஜாவுக்குன்னு இருந்த ஆசனத்துல தெருவுல உழைக்கிறவனோட சாமானைக் கொண்டு வந்து வச்சாங்க பாருங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை அது.