பனையில் ஏறிய அம்பை மறுபடி எய்யலாமா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். ஒன்பதாவது படிக்கும் என் மகன் ரிகர்வ் வில் (நுனிகள் முன்பக்கமாக வளைந்த வில்) பழகுகிறான். போன வாரம் அவன் எய்த கார்பன் அம்பு டார்கெட்டைத் தாண்டிப் பனைமரத்தில் ஏறிவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் கீறல் எதுவும் தெரியவில்லை. படகுக்கு ஃபைபர் ஒட்டுகிற தம்பி, "சந்தேகமா இருந்தா ரெசின் தடவித் தர்றேன்ணே" என்கிறார். அம்பு வாங்கித் தரும் ஆள், "பழசைக் கொடுத்துட்டு மேல கொஞ்சம் காசு போட்டு வேற எடுத்துக்கோங்க" என்கிறார். எதைச் செய்வது?

பதில்: இரண்டு பேருக்கும் ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். அந்த அம்பை இனி எய்ய வேண்டாம்.

பனையில் ஏறிய அம்பை நேராக இழுத்து எடுத்தவரை நான் பார்த்ததில்லை. இடமும் வலமுமாக ஆட்டித்தான் பிடுங்குவார்கள். வைரம் பாய்ந்த பனை விட்டுக்கொடுக்காது, வளைவதெல்லாம் அம்புதான். இரும்பு முனைக்குப் பின்னால் இரண்டு மூன்று விரற்கடை தூரத்தில் அத்தனை பளுவும் இறங்கும். அலுமினிய அம்பு என்றால் கோணிப்போய்த் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். கார்பன் அப்படியில்லை. மெல்லிய கரி இழைகளைப் பசையில் தோய்த்து, சூட்டில் இறுக்கிய குழாய் அது. உள்ளே இழை அறுந்திருந்தாலும் கையை எடுத்ததும் நிமிர்ந்து நிற்கும். மேல்பூச்சும் பளபளவென்று இருக்கும். நாணை விட்டு, முழு விசையும் பின்னாலிருந்து தள்ளும்போதுதான் பிளக்கும். அந்த நேரத்தில் வில் பிடித்த கை அதன் பக்கத்திலேயே இருக்கிறது.

நான் போயிருந்த ஒரு முகாமில் இப்படி ஒரு பையனுக்குக் கட்டைவிரல் அடியில் சிலாம்பு ஏறியது. கார்பன் சிலாம்பு எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. டாக்டர் தேடித் தேடி எடுத்தார்.

சரி, மற்ற அம்புகளுக்கு வருவோம். டார்கெட்டைத் தவறவிட்ட அம்பு, இன்னொரு அம்பில் உரசிய அம்பு, மணலில் புதைந்து யாராவது மிதித்த அம்பு, இவற்றை உடனே பாருங்கள். நம் கரை மணலில் சிப்பியும் பவளக்கல் துண்டும் கிடக்கும். 'மணலில்தானே குத்தியது' என்று விட்டுவிடக் கூடாது. மற்றதையும் ஒவ்வொரு முறை எய்வதற்கு முன் பாருங்கள்.

முதலில் ஈரத் துணியால் துடைத்து, வெயிலில் மெல்ல உருட்டிப் பாருங்கள். அப்புறம் ஒரு பஞ்சுத் துண்டால் தண்டை முழு நீளமும் நீவுங்கள். எங்கேயாவது பஞ்சு நூல் மாட்டினால் அங்கே இழை எழும்பியிருக்கிறது. வெறும் விரலால் நீவ வேண்டாம். கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள் விரலில் துணி சுற்றிக்கொள்வார்களே, அந்த எச்சரிக்கை இதற்கும் வேண்டும்.

அடுத்தது காதுக்கு வேலை. ஒரு கையில் முனைப் பக்கம், மறு கையில் பின்பக்கம். கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்துக்கு எதிர்ப்பக்கமாக ஒன்றிரண்டு அங்குலம் வில்லாக வளையுங்கள். கால் சுற்றுத் திருப்பி மறுபடி. இப்படி ஒரு முழுச் சுற்று. பிறகு இரண்டு முனையையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், முதலில் ஒரு பக்கம், பிறகு எதிர்ப்பக்கம். நெறுநெறுவென்று அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் வந்தாலோ, ஓரிடம் மட்டும் தளர்ந்து கொடுத்தாலோ, அத்தோடு அது முடிந்தது. இதை வீட்டுக்குள் செய்யுங்கள். பாம்பன் காற்றில் நின்றால் உங்கள் பேச்சே உங்களுக்குக் கேட்காது.

ரெசின் தம்பி நல்ல மனசோடு சொல்கிறார். ஆனால் ரெசின் கீறலை அடைக்குமே தவிர, அறுந்த இழையைச் சேர்க்காது. அதைவிட மோசம், அடுத்து சோதிப்பவர் கண்ணிலிருந்து கீறலை மறைத்துவிடும்.

உங்கள் அம்பு வியாபாரிதான் எனக்கு உறுத்துகிறார். அடிபட்ட அம்பு அவருக்கு எதற்கு? எல்லாரும் அப்படி என்று சொல்லமாட்டேன், ஆனால் இந்த வேலையை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிளந்த முன்பகுதியை வெட்டி எறிவார். புது முனை ஒட்டுவார். வெட்டும்போது விட்ட மயிரிழைப் பிளவின்மேல் கலர் ஸ்டிக்கர் சுற்றுவார். 'சின்னப் பிள்ளைங்க சைஸ்' என்று அடுத்த ஊரில் விற்றுவிடுவார். குட்டையான அம்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு: முழுதாக இழுத்தால் முனை, வில்லில் அம்பைத் தாங்கும் ரெஸ்டிலிருந்து பின்னால் நழுவிவிடும், நாணை விட்டால் கைக்கே வரும். வளரும் பிள்ளைக்குக் கை ஆறு மாதத்தில் நீண்டுவிடும், அம்பு நீளாது. பழைய முனையை லைட்டரில் சுட்டுக் கழற்றினாரோ, அதையும் கேட்டுவிடுங்கள். சூடு கூடினால் இழையைப் பிடித்திருக்கும் பசை கெட்டுப்போகும். பழைய அம்பு வாங்கியே ஆகவேண்டும் என்றால், ஸ்டிக்கரை உரித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் நடையைக் கட்டுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. பின்னால் நாணில் மாட்டும் பிளாஸ்டிக் நாக் மட்டும் உடைந்திருந்தால் அம்பைத் தூக்கிப் போடவேண்டியதில்லை. ஆனால் 'நாக் மட்டும்தான்' என்பதை எப்படி உறுதி செய்வது? உடைந்ததைக் கழற்றுங்கள். குழாயின் வாயை டார்ச் அடித்துப் பாருங்கள். இன்னொரு அம்பு பின்னால் வந்து குத்தியிருந்தால் விளிம்பிலிருந்து நீளவாக்கில் பிளவு ஓடும். விளிம்பைச் சுற்றிப் பஞ்சை ஓட்டுங்கள். பின்பக்கத்தைப் பிடித்து லேசாக முறுக்குங்கள். எல்லாம் சுத்தமாக இருந்தால் அதே அளவு புது நாக் போடுங்கள், வளைத்துப் பார்க்கும் சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள். புது நாக் நாணில் 'டக்'கென்று உட்கார வேண்டும், விரலால் தட்டினால் விடுபட வேண்டும். தொளதொளவென்று இருந்தால் அம்பு நாணைவிட்டு நழுவும், அப்போது விசை அம்புக்குப் போகாது, அடி வில்லுக்கு.

பள்ளி வில், பள்ளி அம்பு என்றால் ஒரு தொல்லை கூடுதல். உடைந்த அம்பைக் கழிக்க இருப்புப் பதிவேட்டில் கையெழுத்து வேண்டும், அதற்குத் துண்டைக் காட்ட வேண்டும், காட்டுகிற நாளில் அதிகாரி வரமாட்டார். அதுவரை பிளந்த அம்பு நல்ல அம்போடு ஒரே பீரோவில் கிடக்கும். அவசரத்தில் ஒரு பிள்ளை அதை எடுக்கும். போட்டிக்குப் போனால் அம்பில் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நான் போன உள்ளூர்ப் போட்டிகளில் ஒருவர்கூட ஒரு அம்பை வளைத்துப் பார்த்ததில்லை.

உங்களுடையது சொந்த அம்பு, யார் கையெழுத்தும் வேண்டாம். கையில் தடிமனான துணி சுற்றி, சாக்குப் பைக்குள் வைத்து, இரண்டாக உடைத்துக் குப்பையில் போடுங்கள். முழுதாகப் போட்டால் யாராவது எடுத்து எய்வார்கள். நாக் நன்றாக இருந்தால் அதை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், அதே அளவு அம்புக்கு உதவும்.