பாப் பாடகர்கள் பாலின அடையாளத்தைப் பாட்டில் எப்படி வெளிப்படுத்துகிறார்கள்?

பாலின அடையாளம் என்பது, ஒருவர் தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ இரண்டிலும் அடங்காதவராகவோ உள்ளுக்குள் உணர்வது. பிறந்தபோது பதிவான பாலினத்தோடு அது பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம்.

இதற்குப் பாட்டு ஏன் வழியாகிறது? பாட்டில் வரும் 'நான்' பாடுபவராகவே இருக்க வேண்டியதில்லை. குரல், உடை, பெயர் எல்லாவற்றையும் மேடையில் மாற்றிப் பார்க்கலாம். தி.நகர் துணிக்கடையின் ட்ரையல் ரூம் மாதிரிதான். போட்டுப் பார்த்தால்தானே எது நமக்குப் பொருந்துகிறது என்று தெரியும்!

1972-இல் பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவி, ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத தோற்றத்தில் ஸிகி ஸ்டார்டஸ்ட் என்ற பாத்திரமாகவே மேடையேறினார். பிரிட்டிஷ் பாப் பாடகர் சாம் ஸ்மித், தான் ஆண், பெண் என்ற இரண்டு வகையிலும் அடங்காதவர் என்று 2019-இல் அறிவித்து, ஆங்கிலத்தில் தன்னை 'ஹி', 'ஷி' என்று சொல்லாமல், பாலினம் காட்டாத 'தே' (they) என்று குறிப்பிடும்படி கேட்டுக்கொண்டார். தமிழில் 'அவர்' என்றாலே போதும், எவ்வளவு அழகான வசதி!

நமக்கும் இது புதிதல்ல. நம்மாழ்வார் பராங்குச நாயகியாக, காதலில் வாடும் பெண்ணின் குரலில் பாடினார். சென்னையில் மார்கழிக் கச்சேரிகளில் ஆண் பாடகர்கள் நாயகி பாவத்தில், அதாவது காதலியின் உணர்வில், பதம் பாடும்போது கண்கலங்கிக் கேட்கிறோம். 1935-இல் கே.பி. சுந்தராம்பாள் திரையில் நந்தனாராகவே நடித்தார்.

அப்புறம், பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்று: மேடையில் வேறு பாலினத் தோற்றத்தில் வருபவர் எல்லோரும் திருநர் (பிறந்தபோது பதிவான பாலினத்தோடு தன் பாலின அடையாளம் பொருந்தாதவர்) அல்ல, போவியுடையது ஒரு பாத்திரம், சாம் ஸ்மித் சொன்னது தன்னைப் பற்றி.