'ஆன்' போடுவது கண்ணா, காதா?

அன்புள்ள ஐயா,

என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலத்தில் ஏ, இ, ஐ, ஓ, யு ஆகிய 5 எழுத்துகளில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் 'ஆன்', மற்றதற்கெல்லாம் 'ஏ' என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவள் யூனிவர்சிட்டிக்கு 'ஆன்' போட்டாள், மணி நேரத்தைச் சொல்லும் 'அவர்' எச்சில் தொடங்குவதால் 'ஏ' போட்டாள். இரண்டுமே தப்பு என்று வந்துவிட்டது. விதிப்படிதானே எழுதினேன் என்று அழுகிறாள். 'இட் இஸ் ரெய்னிங்' என்கிறார்களே, அந்த 'இட்' எது என்றும் கேட்கிறாள். என்ன சொல்வது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

குழந்தை மேல் தப்பே இல்லை. அவளுக்குக் கிடைத்தது பாதி விதி, நம் வகுப்பறைகளில் காலங்காலமாக அந்தப் பாதியைத்தான் சொல்லிவருகிறார்கள். 'ஏ'யா 'ஆன்'ஆ என்பதை முடிவு செய்வது எழுத்து இல்லை, ஒலி. அடுத்த சொல்லைச் சொல்ல வாயைத் திறந்ததும் உயிரொலி வந்தால் 'ஆன்', மெய்யொலி வந்தால் 'ஏ', அவ்வளவுதான். யூனிவர்சிட்டியில் முதலில் வருவது 'ய்'. 'அவர்', 'ஆனஸ்ட்' இரண்டிலும் எச் தாளில்தான் இருக்கிறது, வாயில் இல்லை.

ஒரு வீடு, ஓர் இல்லம். ஒரு மரம், ஓர் ஆலமரம். இது அவளுக்குத் தமிழ் வகுப்பிலேயே வந்திருக்கும், அதை வைத்தே சொல்லுங்கள். தமிழில் சொல்லின் முதல் எழுத்தும் முதல் ஒலியும் ஒன்றுதான் என்பதால் எழுத்தைப் பார்த்தே 'ஓர்' போட்டுவிடலாம், ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது.

செய்தித்தாளை எடுத்துச் சுருக்கப் பெயர்களாகப் பார்க்கச் சொல்லுங்கள். எம்.எல்.ஏ., எஃப்.ஐ.ஆர். இரண்டுக்கும் 'ஆன்'தான், ஏனென்றால் எம், எஃப் என்று சொல்லும்போது முதலில் வருவது 'எ'. அதே எஃப்.ஐ.ஆரை 'ஃபர்ஸ்ட் இன்ஃபர்மேஷன் ரிப்போர்ட்' என்று விரித்து எழுதினால் 'ஏ' ஆகிவிடும். எண்களிலும் இப்படித்தான்: 8, 11, 18, 80 ஆகியவற்றுக்கு 'ஆன்', 1 ரூபாய் நாணயத்துக்கு 'ஏ', ஏனென்றால் 'ஒன்' ஓவில் தொடங்கினாலும் வாயில் வருவது 'வ'. அமெரிக்கர்கள் 'ஹெர்ப்' என்ற சொல்லில் எச்சை விழுங்கி 'எர்ப்' என்பார்கள், அதனால் அதற்கு 'ஆன்' போடுகிறார்கள். பிரிட்டனில் எச்சை உச்சரிப்பதால் 'ஏ'.

இதில் நம்மைப் போன்றவர்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பேச்சில் எட்டை 'யெட்டு' என்போம், ஒன்றை 'வொண்ணு' என்போம். அதே நாக்கோடு முட்டையை 'யெக்' என்றும் சட்டமன்ற உறுப்பினரை 'யெம்மெல்லே' என்றும் சொன்னால் 'ஏ யெக்' என்பது காதுக்குச் சரியாகவே படும். அதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. ஓடும் பேச்சில் 'ஆன்' என்பது 'அன்' ஆகத்தான் ஒலிக்கும், 'அன்' கூட 'எக்' சேர்ந்தால் 'அனெக்'. மெய்யின் மேல் உயிர் வந்து ஏறுகிற நம் புணர்ச்சியேதான் இது. நாலைந்து சொற்களை இப்படிச் சேர்த்துச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தால் 'ய' தானாகக் கழன்றுகொள்ளும்.

அவள் கிரிக்கெட் பார்ப்பாளா? அப்படியென்றால் அம்பயர் கதையைச் சொல்லுங்கள். அந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்தபோது 'ந'வில்தான் தொடங்கியது. பழைய பிரெஞ்சில் 'இணையில் சேராதவர்' என்று பொருள், அதாவது மோதும் இருவரையும் சேராத மூன்றாவது ஆள். 'ஏ' போட்டு அதைச் சொன்னபோது, அந்த 'ந்' முன்னால் இருக்கும் 'ஆன்'உடையது என்று நினைத்துப் பிரித்துக்கொண்டார்கள், சொல்லுக்குத் தலை போய்விட்டது. சமையலறையில் கட்டும் ஏப்ரனுக்கும் இதே கதைதான். இத்தனைக்கும் 'ஏ', 'ஆன்' இரண்டில் மூத்தது 'ஆன்'. 'ஒன்று' என்பதற்கான பழைய ஆங்கிலச் சொல் அது, மெய்யொலிக்கு முன்னால் 'ன்' உதிர்ந்து 'ஏ' ஆனது.

சரி, 'இட்'டுக்கு வருவோம். நல்ல கேள்வி அது, கேட்டதற்காக அவளைப் பாராட்டுங்கள். அந்த 'இட்' எதையும் குறிக்கவில்லை. 'வந்தேன்' என்றாலே வந்தது யார் என்று தமிழில் தெரிந்துவிடும், வினைமுற்றே சொல்லிவிடுகிறது. ஆங்கில வினைகள் அந்த விகுதிகளைப் பெரும்பாலும் இழந்துவிட்டன, அதனால் எழுவாயை வெளியே வைத்தாக வேண்டும். 'புழுக்கமா இருக்கு' என்று நாம் எழுவாயே இல்லாமல் முடித்துவிடுவோம், அவர்களால் முடியாது, பொருள் இல்லாவிட்டாலும் ஒரு 'இட்' வேண்டும். நம் பிள்ளைகள் 'இஸ் ரெய்னிங்' என்று மொட்டையாக எழுதுவது கவனக்குறைவால் இல்லை, தமிழில் யோசிப்பதால்.

அப்புறம், நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்த பரீட்சையில் இது வரும். 'அதனுடைய' என்ற பொருளில் 'இட்ஸ்' எழுதும்போது மேலே அபாஸ்ட்ரஃபி கூடாது. பெயர்ச்சொல்லுக்கெல்லாம் உடைமைக்கு அதைப் போடுகிறோமே, இதற்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்பாள், நியாயமான கேள்விதான். அந்தச் சொல்லே மொழிக்குப் புதுசு. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் உப்பு தன் சாரத்தை இழப்பதைச் சொல்லும் இடத்தில்கூட 'ஹிஸ்' என்றுதான் இருக்கும். 'இட்ஸ்' புழக்கத்துக்கு வந்த பிறகும் 18ஆம் நூற்றாண்டு வரை பலர் அபாஸ்ட்ரஃபி போட்டே எழுதினார்கள். இன்றைக்கு அந்தக் குறி 'இட் இஸ்', 'இட் ஹேஸ்' ஆகிய இரண்டின் சுருக்கத்துக்கு மட்டும். சந்தேகம் வந்தால் விரித்துப் படிக்கச் சொல்லுங்கள்: நாய் வாலை ஆட்டும் வாக்கியத்தில் 'இட் இஸ் டெயில்' என்று வந்தால் குறியை அடித்துவிடலாம்.