தோல் நலம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகளுக்கு வயது 4. கைக்குழந்தையாக இருந்தபோதே இடுப்பில் வெளிறிய திட்டு ஒன்று தெரிந்தது. அரிப்போ செதிலோ இல்லை. "நீ கிரகணத்தில் வெளியே போனதால் வந்த வெண்குஷ்டம், கார்போக அரிசி எண்ணெய் தேய்" என்கிறார் மாமியார். தேய்க்கலாமா?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: தேய்க்கவே வேண்டாம், சகோதரி. கார்போக அரிசியில் உள்ள சோரலென், வெயில் பட்டதும் தோலைப் பொசுக்கிக் கொப்புளம் போட வைக்கும். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், இது 'நீவஸ் டீபிக்மென்டோசஸ்' என்ற பிறவித் திட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த இடத்தில் நிறமிச் செல்கள் இருக்கும். ஆனால் நிறமியைப் பக்கத்துச் செல்களுக்குச் சரியாகக் கொடுக்காது. அதனால் சுண்ணாம்பு வெள்ளையாக இல்லாமல் மங்கிய நிறமாகத் தெரியும். ஓரம் ரம்பப் பல்போல் இருக்கும். பிள்ளை வளர வளர அதுவும் வளரும். இதைப் பார்த்துத்தான் பலர் பரவுகிறது என்று பயந்துவிடுகிறார்கள். 6 மாதத்துக்கு ஒருமுறை தொப்புளும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். இடுப்பில் பாதியை மூடியிருந்த திட்டு எப்போதும் பாதியைத்தான் மூடியிருக்க வேண்டும்.

பிள்ளையைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் திட்டைத் தொடுங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். பால்வெள்ளையாகிப் புதிய இடங்களில் வந்தால் வெண்புள்ளி (மாமியார் சொல்லும் வெண்குஷ்டம் இதுதான்); பொடிச் செதில் உதிர்ந்தால் தேமல். 5 மி.மீ.க்குக் குறையாத திட்டுகள் மூன்றோ அதற்கு மேலோ இருந்தாலும், வலிப்பு வந்தாலும் மருத்துவரிடம் போகத் தாமதிக்காதீர்கள். எப்படியும் ஒருமுறை அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள், 1 ரிங்கிட்தான். தேவைப்பட்டால் ஈப்போ பெரிய மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

மருந்து தேவையில்லை. ஸ்டீராய்டு களிம்பு தோலை மெலிய வைத்து இன்னும் வெளிறச் செய்யும். வெயிலில் சுற்றுத்தோல் கறுத்தால் திட்டு எடுப்பாகத் தெரியும். துணியால் மறையுங்கள், நீச்சலுக்குப் போனால் எஸ்.பி.எஃப். 30 வெயில் தடுப்புக் களிம்பை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பூசுங்கள்.

கேள்வி: என் மகனின் மார்பில் உள்ள வெளிர் திட்டைத் தேய்த்தால், சுற்றிலும் சிவக்கிறது, திட்டு மட்டும் சிவப்பதில்லை. ஏன்?
– ஒரு வாசகர், தாப்பா

பதில்: இது 'நீவஸ் அனீமிக்கஸ்'. நிறமியில் குறையில்லை, அங்குள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கியே இருக்கின்றன. கண்ணாடித் துண்டால் ஓரத்தை அழுத்தினால் எல்லையே மறைந்துவிடும். வைத்தியம் வேண்டாம். உடம்பில் 5 மி.மீ.க்கு மேற்பட்ட பழுப்புத் திட்டுகள் ஆறோ அதற்கு மேலோ இருந்தால் மட்டும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.