பச்சை வயரை விட்டுவிடலாமா?

கேள்வி: ரூம் ஹீட்டரின் பிளக் உருகிவிட்டது. வயரை உரித்தால் பிரவுன், நீலம், மஞ்சள் கோடு போட்ட பச்சை. எதை எதில் மாட்டுவது? பச்சையை விட்டுவிட்டாலும் ஹீட்டர் எரிகிறதே அண்ணா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: எரியும்மா. அதுதான் ஆபத்தே. குன்னூரில் எங்கள் வீட்டுப் பழைய கீசரில் யாரோ பச்சையை வெட்டி டேப் சுற்றியிருந்தார்கள். ஒரு ஐப்பசி மழையில் டெஸ்டரை அதன் உடம்பில் வைத்தேன், டெஸ்டர் விளக்கு பளிச்சென்று எரிந்தது. கீசரின் உடம்பிலேயே கரண்ட்! கீழே ஈரத் தரை, வெறுங்காலோடு என் மகள். இன்னும் அந்த நிமிடம் மறக்கவில்லை.

பிரவுன்தான் பேஸ், அதாவது கரண்ட் வரும் வயர், பழைய வயரிங்கில் சிவப்பு. நீலம் நியூட்ரல், கரண்ட் திரும்பிப் போகும் வயர், பழையதில் கறுப்பு. பச்சை எர்த், உடம்பில் கசியும் கரண்டைத் தரைக்குக் கொண்டுபோகும் வயர். அது மேலே தடித்து நீண்டிருக்கும் பின்னுக்குப் போக வேண்டும். பின்கள் உங்களைப் பார்க்காமல் அந்தப் பக்கம் பார்க்க, எர்த் மேலே இருக்கப் பிடித்தால் பேஸ் வலது, நியூட்ரல் இடது. பச்சையைக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். வயர் இழுபட்டால் அது கடைசியாகத்தான் கழலும்.

2000 வாட் ஹீட்டர் 9 ஆம்பியர் வரை இழுக்கும். 6 ஆம்பியர் பிளக் போட்டால் மறுபடி உருகும். 16 ஆம்பியர் வாங்குங்கள். அப்புறம், சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டே ஹீட்டரைப் போடுங்கள்.