நாற்பது வயதுக் கோடு

அன்புள்ள ஐயா,

அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் தரும் ஜான் பேட்ஸ் கிளார்க் பதக்கம் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும்தானாமே? நான் பதினோரு வருடம் வங்கியில் வேலை பார்த்துவிட்டு, பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போன பிறகு, 37 வயதில் பிஎச்.டி. சேர்ந்திருக்கிறேன். கூடப் படிக்கிறவர்கள் என்னை ‘மேடம்’ என்கிறார்கள். நானெல்லாம் இளம் ஆய்வாளர் இல்லையா?

– ம.

அன்புள்ள ம.,

அந்தப் பதக்கத்தின் கணக்கில் இல்லை. அதற்கு அமெரிக்காவில் வேலை பார்க்கவும் வேண்டும், அது கிடக்கட்டும்.

ஆள் தேர்வில் அவர்கள் கெட்டிக்காரர்கள்தான். 1947-ல் முதல் பதக்கம், பின்னாளில் நோபல் வாங்கிய பால் சாமுவேல்சனுக்கு. 2010-ல் வாங்கிய எஸ்தர் டஃப்லோவுக்கு 2019-ல் நோபலே வந்துவிட்டது. ஆனால் முதல் பெண்ணுக்குக் கொடுக்க 60 வருடம் ஆயிற்று: சூசன் ஏதி, 2007. துறையில் பெண்கள் குறைவு என்பது ஒரு காரணம். ஆனால் பிள்ளை பெற்று வளர்க்கிற வருடங்களும் அந்த நாற்பதுக்குள்தானே வருகின்றன?

பிறந்த தேதியை எண்ணுவதே தவறு என்பேன். பிஎச்.டி. முடித்த தேதியிலிருந்து எண்ணலாம். ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்சில் இளம் ஆய்வாளர்களுக்கான நிதியுதவியில் அப்படித்தான் எண்ணிவந்தது. தாய்மார்களுக்கு ஒரு பிள்ளைக்கு 18 மாதம் என்று கூடுதல் அவகாசமும் கொடுத்தது. பரிசு தருகிறவர்களுக்கு மட்டும் இது ஏன் முடியாது?

எலினார் ஆஸ்ட்ரமை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் பெண்ணுக்கு எதற்கு முக்கோணவியல் என்று படிக்கவிடவில்லை. அந்தக் கணக்கு இல்லை என்று பிறகு பொருளாதார பிஎச்.டி.க்கு இடம் தரவில்லை. முதல் கணவர் சட்டம் படித்தபோது இவர் வேலைக்குப் போனார். கடைசியில் அரசியல் அறிவியலில் பிஎச்.டி. வாங்கினார், 1965-ல். பிறந்தது 1933, நாற்பது 1973-லேயே முடிந்துபோயிற்று. காடு, கண்மாய், மீன்பிடி நீர் போன்ற பொதுச் சொத்துகளை ஊர்க்காரர்களே விதி போட்டுக் காப்பாற்றுவதைப் பற்றிய அவருடைய முக்கியமான நூல் 1990-ல்தான் வந்தது. 2009-ல், 76 வயதில், பொருளாதார நோபல் வாங்கிய முதல் பெண் ஆனார். இடம் தராத அதே துறையின் பரிசு!

‘மேடம்’ என்பதை விட்டுத்தள்ளுங்கள், வயதாக ஆக எல்லாருக்கும் வரும் பட்டம்தான். அப்புறம், இவ்வளவு எழுதினீர்கள், ஆய்வுத் தலைப்பு என்ன என்று சொல்லவே இல்லையே?