ராத்திரியில் ஒரே ஒரு நர்ஸ்: யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

கேள்வி: ஐயா, நான் தேன்கனிக்கோட்டைப் பக்கம் மலையோர கிராமத்தில் இருக்கிறேன். எங்கள் ஆரம்ப சுகாதார நிலைய வாசலில் ‘24 மணி நேர மகப்பேறு சேவை’ என்று போர்டு இருக்கிறது. போன மாதம் ராத்திரி 11 மணிக்கு என் தங்கையைப் பிரசவ வலியோடு அழைத்துப் போனோம். ஒரே ஒரு நர்ஸ்தான் இருந்தார், டாக்டர் இல்லை. பிபி அதிகமாக இருக்கிறது என்று சொல்லி, 108-ஐக் கூப்பிட்டு ஓசூருக்கு அனுப்பிவிட்டார். தாயும் குழந்தையும் நலம். ஆனால் வண்டியில் போன அந்த நேரத்தை நினைத்தால் இன்னும் நடுங்குகிறது. அப்பாவுக்கு பிரஷர் மாத்திரையும் பத்து நாளுக்குத்தான் தருகிறார்கள். கேட்டால் ஸ்டாக் வரவில்லை என்கிறார்கள். அரசு பணம் ஒதுக்குகிறதா இல்லையா? யார் இதையெல்லாம் கண்காணிக்கிறார்கள்? நாங்கள் எங்கே கேட்பது? கேட்டால் அந்த நர்ஸ் மாட்டிக்கொள்வாரோ என்றும் பயமாக இருக்கிறது. அவர் நல்லவர்.

பதில்: முதலில் தங்கைக்கும் குழந்தைக்கும் என் வாழ்த்து. அந்த நர்ஸ் செய்தது சரியான காரியம். வலியோடு ரத்த அழுத்தமும் ஏறியிருக்கும் பெண்ணை, அறுவை சிகிச்சைக்கு வசதி இல்லாத இடத்தில் வைத்திருக்கக் கூடாது. அவர் எழுதிக் கொடுத்த ரெஃபரல் சீட்டு வீட்டில் இருக்கிறதா பாருங்கள். அதில் தேதியும் நேரமும் இருக்கும். இல்லாவிட்டால் ஓசூர் மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும். இரண்டையும் பத்திரமாக வையுங்கள், பின்னால் சொல்கிறேன்.

நான் சுகாதாரத் துறையில் கணக்குப் பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவன். வந்த மனுக்களில் பாதிக்கு மேல் ‘டாக்டரே இல்லை, மருந்தே இல்லை, நடவடிக்கை எடுக்கவும்’ என்றுதான் இருக்கும். அதற்கு ‘மருத்துவர் பணியில் உள்ளார், மருந்து இருப்பில் உள்ளது’ என்று ஒரு பதில் போகும், கோப்பு முடிந்துவிடும். அந்தப் பதில் பெரும்பாலும் பொய் கிடையாது. அன்றைய தேதியில் அது உண்மையாகவே இருக்கும். கேள்வி சரியில்லாததால் பதிலும் உதவாமல் போகிறது. பதிவேட்டைக் கேட்டு எழுதிய மனுவை அப்படி ஒரு வரியில் முடிக்க முடியாது. அதற்கு நகல் எடுத்துத்தான் கொடுக்க வேண்டும்.

சரி, ஆள் விஷயத்துக்கு வருவோம். 24 மணி நேரம் என்ற அந்தப் போர்டின் பொருள், ராத்திரியில் செவிலியர் இருப்பார், சுகப்பிரசவம் பார்ப்பார், தேவைப்பட்டால் மருத்துவரை அழைப்பார் என்பதுதான். மருத்துவர் ராத்திரி முழுக்க நிலையத்திலேயே இருப்பார் என்று அதற்குப் பொருள் இல்லை. தமிழ்நாட்டில் இந்த ஏற்பாடே ஒரு நிலையத்துக்கு மூன்று செவிலியர்கள் என்ற கணக்கில் வளர்ந்தது. கொஞ்சம் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு நாளைக்கு மூன்று ஷிஃப்ட், வாரத்துக்கு 21. வாரம் ஒரு நாள் விடுப்பு போக ஒருவர் பார்க்கக்கூடியது 6 ஷிஃப்ட். மூன்று பேருக்கு 18. மூன்று இடமும் நிரம்பியிருந்தாலே மூன்று ஷிஃப்ட் இடிக்கிறது. ஒருவர் பிரசவ விடுப்பில் போனாலோ, ஓர் இடம் காலியாக இருந்தாலோ, மிச்சம் 12 ஷிஃப்ட். அதாவது 9 ஷிஃப்டுக்கு ஆள் கிடையாது. உங்கள் ஊர் நர்ஸ் அன்று ராத்திரி தனியாக நின்றதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இதில் வெளியே தெரியாத ஒன்று மாற்றுப்பணி. அலுவலகத்தில் ‘டெபுடேஷன்’ என்பார்கள். உங்கள் நிலையத்துப் பணியிடத்தில் ஒருவர் நியமிக்கப்பட்டிருப்பார், சம்பளமும் அந்தப் பணியிடத்தின் பேரில்தான் ஏறும், ஆனால் அவர் வேலை பார்ப்பது வேறு ஊரில் இருக்கும். அங்கேயும் ஆள் தட்டுப்பாடுதான் என்பதால் எல்லா உத்தரவையும் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் காகிதத்தில் காலியிடம் காட்டாது. காலியிடம் இல்லாத இடத்துக்கு, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுத்தாலும் புது ஆள் வரமாட்டார். அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் மாதிரி மலைப்பகுதிகளில் இது கூடுதலாக உறுத்தும். ஆகவே ‘காலியிடம் எத்தனை?’ என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் இப்படி எழுதுங்கள்: ‘இந்த நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் பதவி வாரியாக எத்தனை? நிரப்பப்பட்டவை எத்தனை? இந்த நிலையத்தின் பணியிடத்தில் ஊதியம் பெற்று வேறு இடத்தில் மாற்றுப்பணியில் இருப்பவர்கள் பதவி வாரியாக எத்தனை? அதற்கான உத்தரவுகளின் நகல், கடந்த ஆறு மாதச் செவிலியர் பணிமுறைப் பட்டியலின் நகல் தருக.’ யார் பெயரையும் கேட்க வேண்டாம், ஒருவரின் விடுப்புக் காரணத்தையும் கேட்க வேண்டாம். பெயர் கேட்டால் தனிநபர் விவரம் என்று மறுக்க இடம் கொடுக்கிறோம். ‘ஏன்’ என்றும் எழுதாதீர்கள். அந்தச் சட்டம் இருக்கும் ஆவணத்தைத் தரச் சொல்கிறதே தவிர, விளக்கம் எழுதச் சொல்லவில்லை.

யாருக்கு அனுப்புவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையமும் துணை சுகாதார நிலையமும் பொது சுகாதாரத் துறையைச் சேர்ந்தவை. அவை வட்டார மருத்துவ அலுவலருக்குக் கீழ், அவருக்கு மேலே மாவட்ட சுகாதார அலுவலர். முன்பு துணை இயக்குநர் என்று பெயர், பழக்கத்தில் இன்னும் ‘டிடி’ என்பார்கள். தேன்கனிக்கோட்டை, ஓசூர் அரசு மருத்துவமனைகள் இணை இயக்குநருக்குக் கீழ் வருபவை. கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டீன்தான் தலைமை, அது மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ். மூன்றுக்கும் சென்னையில் தனித்தனி இயக்குநர். உங்கள் ஊர் நிலையத்தைப் பற்றி இணை இயக்குநருக்கு எழுதினால் மனு சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே மாவட்ட சுகாதார அலுவலர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், ஆனால் ஸ்பீட் போஸ்டில் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் சரியாகாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

அப்பாவின் மாத்திரைக்கு வேறு வழி. தமிழ்நாட்டில் அரசு நிலையங்களுக்கு மருந்து வாங்குவது 1994-ல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம். ஒவ்வொரு நிலையத்துக்கும் இவ்வளவு ரூபாய் மதிப்புக்கு மருந்து என்று ஒதுக்கி ஒரு பாஸ்புக் உண்டு. நிலையத்திலிருந்து இண்டென்ட், அதாவது மருந்து கேட்டு எழுதும் சீட்டு, போட வேண்டும், கிடங்கிலிருந்து மருந்து வரும், பாஸ்புக்கில் கழியும். கிடங்கிலேயே இல்லாத மருந்தை வெளியில் வாங்க ஒதுக்கீட்டில் ஒரு சிறு பகுதிக்கு இடம் உண்டு.

ஒரு தடவை தணிக்கைக்காக ஒரு நிலையத்தின் மருந்து இருப்புப் பதிவேட்டைப் பிரித்தேன். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையின் பக்கம். வலது ஓரத்து இருப்புக் கட்டத்தில் சிவப்பு மையில் சுழி, சுழி, சுழி என்று கீழ்வரைக்கும் இறங்கியது. 40 நாள். வாசலில் நின்ற பெரியவர்களுக்கெல்லாம் அந்த 40 நாளும் சொல்லப்பட்ட பதில் ‘மேலேயிருந்து வரவில்லை’ என்பது. இண்டென்ட் கோப்பைக் கொண்டுவரச் சொன்னேன். 26-வது நாள்தான் இண்டென்ட் போயிருக்கிறது. மருந்தாளுநர் பணியிடம் காலி, பக்கத்து நிலையத்துக்காரர் வாரம் இரண்டு நாள் வந்துபோகிறார், அவர் இருந்த நாட்களில் மாத்திரை கொடுக்கவே நேரம் சரியாக இருந்தது. கிடங்கில் அந்த மாத்திரை பெட்டி பெட்டியாக இருந்தது. மருந்துத் தட்டுப்பாடு என்று வெளியே தெரிந்தது உள்ளே ஆள் தட்டுப்பாடு.

அதனால் உங்கள் மனுவில் மாத்திரையின் பெயரை எழுதி, ‘இருப்புப் பதிவேட்டில் இந்த மருந்துக்குரிய பக்கங்கள், இண்டென்ட் அனுப்பிய தேதிகள், கிடங்கிலிருந்து பெற்ற தேதிகள்’ என்று கேளுங்கள். மூன்று தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அடைப்பு எங்கே என்று உங்களுக்கே தெரியும். இன்னொன்று, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அப்பா பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஏற்பாடு அது. அதுவரை மாத்திரையை நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து நாள் மாத்திரையை ஒன்றுவிட்டு ஒரு நாள் போட்டு மாதத்துக்கு நீட்டும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்ய விடாதீர்கள்.

பணம் ஒதுக்குகிறார்களா என்றால், ஒதுக்குகிறார்கள். நிரந்தர ஊழியர் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. சட்டமன்றத்தில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்குப் பணம் கேட்டு வைக்கும் மானியக் கோரிக்கை எண் 19-ல் அது அடங்கும். தேசிய நலவாழ்வுக் குழுமம் (NHM) என்ற திட்டத்தின் பணம் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கில் வருகிறது. உங்களுக்கு மிக அருகில் இருக்கும் பணம் அதில் ஒரு துளி. நோயாளர் நலச் சங்கத்துக்கு வருகிற தொகை அது. நெறிமுறைப்படி ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆண்டுக்கு 1,75,000 ரூபாய். முந்தைய செலவைப் பொறுத்துக் கூடவோ குறையவோ செய்யலாம். கிராம சுகாதாரம், தூய்மை மற்றும் ஊட்டச்சத்துக் குழுவுக்குத் தனியாக 10,000. சின்னத் தொகைதான். ஆனால் உடைந்த குழாய், பிரசவ அறை விளக்கு, குவார்ட்டர்ஸில் ஒழுகும் கூரை எல்லாம் இதில்தான் சரியாக வேண்டும். என் அனுபவத்தில் மலையடிவார நிலையங்களில் டாக்டர் ராத்திரி தங்காததற்கு முதல் காரணம் குவார்ட்டர்ஸ்தான். கதவு சாத்தாத, தண்ணீர் வராத வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண் டாக்டர் எப்படிக் குடியிருப்பார்? அவர் ஓசூரில் வீடு பார்ப்பார், ராத்திரி கூப்பிட்டால் வந்துசேர ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே அந்தச் சங்கத்தின் இரண்டு வருட வரவு செலவும் கூட்டக் குறிப்புகளும் கேளுங்கள். மார்ச் கடைசி வாரத்தில் மட்டும் மொத்தமாகச் செலவாகியிருந்தால், வருடம் முழுக்க யாரும் கூடிப் பேசவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கண்காணிப்பு என்று கேட்டீர்கள். மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையில் நலவாழ்வுச் சங்கம் இருக்கிறது. மத்திய நிதி வரும் திட்டங்களை நாடாளுமன்ற உறுப்பினர் தலைமையிலான ‘திஷா’ குழு ஆய்வு செய்கிறது, நலவாழ்வுக் குழுமமும் அதில் அடக்கம். மாநிலக் கணக்காயர் தணிக்கை செய்து, அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டு, பொதுக் கணக்குக் குழு துறை அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரிக்கிறது. இது நல்ல ஏற்பாடு, ஆனால் மெதுவானது. உங்கள் ஊர் ஷிஃப்ட் பட்டியல் அதற்குள் தெரியாது. உங்களுக்கு உடனடியாகப் பயன்படுவது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள் கூடுகிறது. தகவல் உரிமை நகலை அங்கே வாசித்து, தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். ஊராட்சிச் செயலர் பதிவேட்டில் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். தீர்மான நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். அப்புறமும் அசையாவிட்டால் சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கு எழுதலாம்.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா என்று சிலர் யோசனை சொல்வார்கள். எல்லாருக்கும் இலவசமாகத் தரும் சிகிச்சை அதில் வராது என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. ஆனால் அதே நீதிமன்றம் 1996-ல் மேற்கு வங்க வழக்கு ஒன்றில், அவசர சிகிச்சையை அரசு மருத்துவமனை நேரத்தில் தராதது உயிர் வாழும் உரிமையை மீறுவது என்றும், பணமில்லை என்று அரசு கைவிரிக்க முடியாது என்றும் தீர்ப்பளித்தது. மனுவில் அந்த ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்த நர்ஸ். உங்கள் கவலை நியாயமானது. ‘ராத்திரி டாக்டர் இல்லை, ஒழுங்காகப் பார்க்கவில்லை’ என்று பொதுவாக எழுதினால் விளக்கம் கேட்டு மெமோ முதலில் போவது அன்று பணியில் இருந்தவருக்குத்தான். அப்படிப் பலமுறை பார்த்திருக்கிறேன், மனது கேட்காது. அதனால் மனுவின் முதல் பத்தியை இப்படித் தொடங்குங்கள்: ‘இந்தத் தேதியில் இரவு 11 மணிக்குப் பணியில் இருந்த செவிலியர் என் தங்கையின் ரத்த அழுத்தத்தை உடனே கண்டறிந்து, ஓசூருக்கு அனுப்பி, இரண்டு உயிரைக் காப்பாற்றினார். அவருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த நேரத்தில் அவர் தனியாக இருந்தார். அந்த ஷிஃப்டுக்கு எத்தனை பேர் இருக்க வேண்டும், அழைப்பில் வர வேண்டிய மருத்துவர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா என்று அறிய விரும்புகிறேன்.’ அதோடு அந்த ரெஃபரல் சீட்டின் ஜெராக்ஸை இணையுங்கள். மூலச் சீட்டைக் கொடுத்துவிடாதீர்கள்.